முன்னால் நின்ற பச்சைக் கோட்டு

எதிர்க்கட்சிக் கவுன்சிலர் தணிகைவேல் எழுந்துவிட்டார். மைக்கின் தலையில் விரலால் இரண்டு தட்டு தட்டி, தலைவர் அவர்களே என்று ஆரம்பிக்கிறார். தலைவர் என்றால் நான், செண்பகவல்லி. கொன்றையூர் நகராட்சிக்குத் தலைவராகிப் பதினான்கு மாதம் ஆகிறது, இன்னும் யாராவது தலைவர் அவர்களே என்றால் எனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கத்தான் தோன்றுகிறது. பின்னால் சுவர். மேஜைமேல் அஜெண்டா, தண்ணீர் பாட்டில், அஜெண்டாவுக்கு அடியில் நான்காக மடித்த ஒரு தாள். தாளைக் காலையில் மாவட்டம் கொடுத்தனுப்பினார். மாவட்டம் என்பது எங்கள் கட்சியின் மாவட்டச் செயலாளர். அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, மாவட்டம் வர்றார், மாவட்டம் கோபமா இருக்கார் என்றுதான் சொல்வார்கள், என்னவோ மொத்த மாவட்டமும் எழுந்து நடந்து வருகிற மாதிரி. தாளில் நான்கு வரி. அன்றைய தினம் பொருத்தமற்ற உடையில் பொது இடத்துக்கு வர நேர்ந்தது, அது பொதுமக்கள் மனதைப் புண்படுத்தியிருந்தால் வருந்துகிறேன். இதை நான் இன்று மன்றத்தில் எழுந்து வாசிக்க வேண்டும். வாசிக்காவிட்டால் உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பதவியிலிருந்து ஒதுங்கிக்கொள்ள வேண்டும். "நம்ம கவுன்சிலருங்களே நம்பிக்கையில்லாத் தீர்மானத்துல கையெழுத்துப் போட ரெடியா இருக்காங்க, பாத்துக்கம்மா" என்று போனில் சொன்னார். பாத்துக்கம்மா என்பதில் அந்த அம்மா மட்டும் எவ்வளவு மென்மையாக இருந்தது. தோளில் ஊக்கு குத்துகிறது. வழக்கமாக இரண்டு ஊக்கு, இன்று நான்கு. எங்கேயும் எதுவும் விலகக் கூடாது என்று குத்தியது, ஒன்று சதையிலேயே ஏறிவிட்டது போல. கையைத் தூக்கிச் சரிசெய்ய முடியாது. தூக்கினால் அதை யாராவது படம் எடுப்பார்கள். பார்வையாளர் வரிசையில் மூன்று போன்கள் என் பக்கம் நீட்டியபடியே இருக்கின்றன, பேசுகிறவர் தணிகைவேலாக இருந்தாலும்.

"ஒரு பதவிக்குன்னு ஒரு மரியாதை இருக்கு, அந்த நாற்காலிக்குன்னு ஒரு மாண்பு இருக்கு" என்கிறார் தணிகைவேல். நாற்காலியைப் பார்க்கிறேன். கைப்பிடியில் ரெக்சின் கிழிந்து பஞ்சு தெரிகிறது. இதில் உட்கார்ந்த முதல் நாள் நான் பட்டுக் கட்டியிருந்தேன், என் தங்கை எடுத்துக் கொடுத்த அரக்குப் பட்டு. பதவியேற்பு, கட்டாமல் என்ன. மறுநாள் ஒரு படம், கீழே, வந்ததும் வராததுமா பட்டு, அஞ்சு வருஷத்துல என்ன என்ன வருமோ. சரி என்று அடுத்த வாரம் முழுக்க வாயில் சேலை. ஏழை வேஷம் என்றார்கள். நீலத்தில் ஒன்று கட்டினேன், கட்சி மாறப் போகிறேனா என்று மாவட்டமே போன் செய்து கேட்டார். சத்தியமாகக் கேட்டார், நானும் சத்தியமாகப் பதில் சொன்னேன், இல்லீங்கண்ணா, மத்ததெல்லாம் துவைக்கப் போட்டிருக்கு என்று. குப்பைக் கிடங்கு பார்க்கப் போனபோது வண்டியில் ஏறி இறங்க வசதியாக இருக்குமே என்று சுடிதார் போட்டேன். காலேஜ் பொண்ணுன்னு நெனப்பு. நாற்பத்தாறு வயது, மூட்டு வலி, காலேஜ் படியே மிதித்ததில்லை, டைப்பிங் இன்ஸ்டிடியூட்டில் பதினெட்டு வருஷம் பிள்ளைகளுக்கு ஏ எஸ் டி எஃப் சொல்லிக் கொடுத்தவள். கிடங்கில் நான் என்ன பார்த்தேன், என்ன எழுதினேன், அந்தப் புகை பிறகு நின்றதே அது எப்படி நின்றது, யாரும் கேட்கவில்லை. குறை சொல்லவில்லை. குறை சொல்லிப் பழக்கமில்லை எனக்கு, நன்றி சொல்லித்தான் பழக்கம். இவர் சொல்வார், உனக்கு அது ஒரு வியாதி, ஏடிஎம் மெஷினுக்குக்கூட தேங்க்ஸ் சொல்லிட்டுத்தான் வெளியே வருவ என்று. இவர் என்றால் என் வீட்டுக்காரர் ஞானசேகர், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் பேட்டரி கடை. மற்ற பெண் கவுன்சிலர்களின் வீட்டுக்காரர்கள் எல்லாம் இதோ பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள், எதற்குக் கை தூக்க வேண்டும் என்று கண்ணால் சொல்ல. இவர் ஒரு நாள்கூட வந்ததில்லை. "அது உன் வேலை, எனக்குக் கடை இருக்கு" என்று சொல்லிவிட்டார். அதற்கும் ஒரு நன்றி சொல்லவில்லை இன்னும். வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் விட்டுப்போகிறது.

"நைட்டியில வந்தா சேர்மனா" என்கிறார் தணிகைவேல், சபையில் சிரிப்பு. சிரிப்பில் எங்கள் கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள். நைட்டி என்ற சொல்லை இந்த மன்றத்தில் யாரும் இதற்கு முன் மைக்கில் சொல்லியிருக்க மாட்டார்கள். மினிட் புத்தகத்தில் எழுத்தர் எப்படி எழுதுவார், இரவு உடை என்றா. ஆனால் இரவு எங்கே இருக்கிறது அதில். எங்கள் தெருவில் பால் வாங்க, கோலம் போட, பிள்ளையை ஸ்கூல் வேனில் ஏற்ற, கீரைக்காரியிடம் பேரம் பேச, எல்லாவற்றுக்கும் அதுதான், மேலே ஒரு துண்டு. துண்டு போட்டுவிட்டால் அது நைட்டி இல்லை, முழு உடை. ஐப்பசிக் கடைசியில் மூன்று நாள் அடைமழை பெய்ததே, அன்று விடியற்காலை ஐந்தே காலுக்குத் துப்புரவு மேஸ்திரி போன் செய்தார். அம்மா, வெள்ளவாரி ஓடை ஒடைச்சுக்கிச்சு, ஓடைத் தெருவுக்குள்ள தண்ணி போகுது. ஓடைத் தெருவில் நாற்பது வீடு. ஓட்டுக் கேட்டுப் போனபோது பாதி வீட்டில் எனக்குக் காபி கொடுத்திருக்கிறார்கள். எனக்குச் சேலை கட்ட ஏழு நிமிஷம், பதற்றத்தில் பத்து. இந்தக் கணக்கையெல்லாம் அன்று நான் போட்டேனா, இல்லை, பிறகு எல்லாரும் கேட்டதால் போட்டுப் பார்த்தது. அன்று கொடியில் கிடந்த துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன், போனைப் பால் கவரில் சுற்றி நைட்டிப் பையில் போட்டேன், இவர் ஸ்கூட்டரை எடுத்துவிட்டிருந்தார். மாம்பழ மஞ்சள், அதில் பழுப்புப் பூ. பையோடு தைத்தது. பை இருக்கிற உடை எனக்கு அது ஒன்றுதான்.

தண்ணீர் முழங்காலுக்கு மேல். மின்சாரத்தை நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினார்கள். மூன்றாவது வீட்டில் ஒரு பெண் கட்டிலின் மேல் நின்றுகொண்டிருந்தாள், கையில் பிறந்து ஏழு நாள் ஆன குழந்தை, அவளுக்கு உடம்பெல்லாம் நடுக்கம், தைரியமா குடுங்க என்று நான் கை நீட்டினேன். குழந்தை நனைந்திருந்தது. துண்டை எடுத்து அதைச் சுற்றினேன். வேறு என்ன இருந்தது என்னிடம். சுற்றி இவரிடம் கொடுத்து, பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகச் சொன்னேன், தாயையும் ஏற்றி அனுப்பினேன். துண்டு அப்படித்தான் போயிற்று. "ஒரு துண்டாவது போட்டிருக்கக் கூடாதா" என்று இப்போது தணிகைவேல் கேட்கிறார், சரியாக இந்த இடத்துக்கு வந்து கேட்கிறார். நாக்கு நுனிவரை வருகிறது. சொல்லிவிடலாம். துண்டு எங்கே என்று சொன்னால் சபை அடங்கிவிடும். ஆனால் சொன்ன மறுநிமிஷம் இந்த மூன்று போன்களும் அந்தப் பெண்ணின் வாசலுக்குப் போகும். பச்சை உடம்புக்காரி, தலைசீவாமல் இருப்பாள், பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பாள், அவள் என்ன உடுத்தியிருக்கிறாள் என்று, என்னைப் பேசிய மாதிரியே, அடுத்த ஒன்பது நாள் பேசுவார்கள். வேண்டாம். தணிகைவேல் அன்று எப்படி இருந்தார் என்று சொல்லலாமே என்றும் தோன்றுகிறது. லுங்கியை மடித்துக் கட்டி, சட்டை இல்லாமல், தலையில் ஒரு துண்டு. அவருக்குத் துண்டு தலையில்தான் இருந்தது. ஆனால் அப்படியே போய், மூச்சு இளைப்புக்காரர் ராஜமாணிக்கம் ஐயாவை முதுகில் சுமந்துகொண்டு வந்தார், எழுபது கிலோ இருப்பார் அந்த ஐயா. எனக்கும் சொன்னார், "அம்மா அந்தப் பக்கம் போகாதீங்க, சாக்கடை மூடி தெறந்து கெடக்கு" என்று மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். அவர் இழுக்காவிட்டால் நான் இன்று இங்கே இல்லை, திட்ட அவருக்கும் ஆள் இல்லை. அன்று அந்தக் கண்ணில் என் உடை பட்டதாகவே தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து அவருடைய கட்சி சொல்லியிருக்கும். அவருக்கும் ஒரு மாவட்டம் இருப்பாரே. அவர் படத்துக்குக் கீழே போட்டிருந்தார்கள், களத்தில் இறங்கிய கவுன்சிலர். சரியாகத்தான் போட்டிருந்தார்கள், அவர் இறங்கினார்.

எட்டு மணிக்குள் எல்லாரையும் வெளியே கொண்டுவந்துவிட்டோம். ஒரு உயிர் போகவில்லை. பள்ளிக்கூட வராந்தாவில் கையில் டீயோடு நின்றபோது எனக்கு அழுகை வந்தது, அவ்வளவு சந்தோஷம். பத்து மணிக்கு முதல் படம் வந்தது. ஊர்த் தலைவி கோலத்தைப் பாருங்கள். அதற்குப் பிறகு எத்தனை. பதினோரு படம், மூன்று வீடியோ. கீழே எழுதியதையெல்லாம் நான் வாசித்தேன், வாசிக்காதே என்று இவர் சொல்லியும் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு வாசித்தேன். குடும்பப் பொம்பளையா இது. துண்டு எங்கே. எங்க வீட்டு வேலைக்காரி கூட இதவிட ஒழுங்கா வருவா. இது வேலை செய்கிற ஒருத்தியைப் பற்றியும் என்னைப் பற்றியும் ஒரே நேரத்தில் கேவலமாகப் பேசுவது, அது எழுதியவருக்குத் தெரியுமோ தெரியாதோ. ஒரு சேனல்காரர் கோட்டு சூட்டோடு ஓடைத் தெருவுக்கே போய், தலைவர் உடையைப் பற்றி உங்கள் கருத்து என்ன என்று மைக்கை நீட்டினார். ஒரு கிழவர் சொன்னார், "அவங்க என்ன போட்டிருந்தாங்கன்னே எனக்கு ஞாபகம் இல்ல சார், எனக்குத் தண்ணி இடுப்புக்கு வந்துருச்சு." அதை ஐந்தாறு தரம் பார்த்தேன். அவர் பெயர்கூடத் தெரியாது. போய்த் தேடிப் பார்க்க வேண்டும். ஆனால் நன்றியையெல்லாம் மீறி ஒரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. கண்ணாடி முன்னால் நிற்க முடியவில்லை. அலமாரியைத் திறந்தால் ஒவ்வொரு சேலைக்கும் கீழே யாரோ எழுதியிருப்பதுபோல இருந்தது. நனைந்த துணி எவ்வளவு ஒட்டும் என்று எனக்குத் தெரியாதா. உள்ளே வெறும் உள்பாவாடை. மூன்று மணி நேரம் அப்படி நின்றிருக்கிறேன், எத்தனை பேர், எத்தனை போன், என்னவெல்லாம் தெரிந்திருக்கும். ஒன்பது நாளும் அந்தப் படங்களை நான் ஓரக்கண்ணால்தான் பார்த்தேன், எழுத்தை வாசித்தேன், படத்தைப் பார்க்கவில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இவர் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார், சரி, இன்று மன்றத்தில் இதைத்தானே பேசப் போகிறார்கள், என்னதான் தெரிகிறது என்று ஒருமுறை முழுதாகப் பார்த்துவிடலாம் என்று எடுத்தேன். விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் முகம், நனைந்த தலை, மஞ்சள் கை, கீழே தண்ணீரில் மிதக்கும் விளிம்பு. நடுவில் ஒன்றும் இல்லை. நடுவில் ஒரு பச்சைக் கோட்டு.

முதல் படத்தில் பச்சைக் கோட்டின் முதுகு. இரண்டாவது படம் எதிர்ப்பக்கத்திலிருந்து யாரோ மாடியில் நின்று எடுத்தது, அதிலும் பச்சைக் கோட்டு. மூன்றாவது, நான்காவது. எடுத்தவர்கள் வேறு வேறு ஆள், வேறு வேறு பக்கம், எல்லாவற்றிலும் என் கழுத்துக்குக் கீழே முழங்கால்வரை ஒரு தூய்மைப் பணியாளரின் கோட்டு வந்து மறைத்துக்கொண்டு நிற்கிறது. தற்செயல் என்றுதான் முதலில் நினைத்தேன். வீடியோவைப் போட்டேன். வீடியோவில் தெரிந்துவிட்டது. அந்த அம்மா என்னைப் பார்க்கவே இல்லை, போன்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு போன் இடப்பக்கம் உயர்ந்ததும் இரண்டு அடி இடப்பக்கம். ஒன்று வலப்பக்கம் வந்ததும் வலப்பக்கம். மண்வெட்டியால் குப்பையை ஒதுக்குகிற மாதிரி ஒதுக்கிக்கொண்டே நகர்கிறார். எல்லம்மாள். எனக்கு நன்றாகத் தெரியும், கடைத்தெருப் பகுதியில் வேலை. போனைக் கட்டில்மேல் வைத்துவிட்டேன், ஏனென்றால் எனக்கு இன்னொன்றும் ஞாபகம் வந்தது. வீடியோவில் சத்தம் சரியாக இல்லை, என் வாய் அசைவது மட்டும் தெரிகிறது, ஆனால் என்ன சொன்னேன் என்று எனக்குத் தெரியுமே. "நகரு. ஏன் முன்னாடி முன்னாடி வந்து நிக்கற? நான் பாக்க வேணாமா?" அவர் சரிங்கம்மா என்று நகர்ந்தார். நகர்ந்து, அரை நிமிஷத்தில் திரும்ப வந்து நின்றார். நான் மறுபடியும் திட்டினேன். நகரு என்றேன். நிக்கற என்றேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தெருவில் பால்காரப் பையனைக்கூட வாங்க போங்க என்பவள் நான், நாக்குக்கு அன்று அவரிடம் மட்டும் ஒருமை எப்படி வந்தது, அன்று மட்டும்தானா, எப்போதுமே அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேனா. அதை நினைத்துக்கொண்டே சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தேன். என் உடையைப் பற்றி ஊர் என்ன சொன்னது என்பது ஒன்பது நாளில் முதல் தடவையாக மறந்திருந்தது.

"நம்ம வீட்டுப் பெண்கள் இதைப் பார்த்து என்ன கத்துக்குவாங்க" என்கிறார் தணிகைவேல், இப்போது குரல் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, பேச வேண்டியது தீர்ந்துகொண்டு வருகிறது போல. இன்று காலை ஆறு மணிக்கு மஸ்டருக்குப் போனேன். மஸ்டர் என்றால் தூய்மைப் பணியாளர்கள் கையெழுத்துப் போட்டுக் கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்புகிற இடம், பழைய சந்தைப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஷெட், இரண்டு குப்பை லாரி. எல்லம்மாளைத் தனியாகக் கூப்பிட்டேன். ஏதோ புகார் வந்திருக்கிறது என்று பயந்துகொண்டே வந்தார். "எல்லம்மா, அன்னிக்கு ஓடைத் தெருவுல எனக்கு முன்னாடி நின்னீங்களே" என்றேன். நின்னீங்களே என்றதும் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஆமா, நீங்க திட்டினீங்களே" என்று சிரித்துவிட்டார். தெரிந்துதான் நின்றீர்களா என்று கேட்டேன். "தெரியாம நிப்பாங்களா? நனைஞ்சு ஒட்டிக்கிட்டுக் கெடந்துச்சு. சுத்தி நாலு பக்கமும் போனு. உங்ககிட்ட சொல்லலாம்னுதான் பாத்தேன். சொன்னா நீங்க அங்கயே கூசிப்போய் உக்காந்துடுவீங்க, அப்புறம் ஆர் ஆளுங்கள வெளிய கொண்டாறது? அதான் சொல்லல." கையை எடுத்துக் கும்பிட்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. அவர் சட்டென்று என் இரண்டு கையையும் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார், யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தார். அவ்வளவு பேருக்கு நடுவில் அது உங்களுக்கு எப்படித் தோன்றியது என்று கேட்டேன். "தோண என்னம்மா இருக்கு அதுல. நாங்க தெனம் பண்றதுதானே." புரியவில்லை எனக்கு. குப்பை லாரியின் பின்பக்கத்தைக் காட்டினார். வீட்டிலிருந்து நல்ல சேலையில் வருகிறார்கள். வேலைக்குப் பழைய சேலை மாற்ற வேண்டும், முடிந்ததும் திரும்ப மாற்ற வேண்டும், அந்த நாற்றத்தோடு பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. மாற்றுவதற்கு இடம் அந்த லாரிக்குப் பின்னால். "ஒருத்தி மாத்தும்போது ரெண்டு பேரு முன்னாடி நிப்போம். ரோட்டுல ஆள் வந்தா அந்தப் பக்கம் திரும்பி நிப்போம். பன்னெண்டு வருசமா நின்னு நின்னு, எவன் எந்தப் பக்கம் பாப்பான்னு முதுகுக்கே தெரியும்."

அங்கேயே நின்றேன். லாரியிலிருந்து அழுக்குத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பதினான்கு மாதத்தில் அந்த மஸ்டருக்கு நான் ஆறு தடவையாவது போயிருப்பேன், வருகைப் பதிவேட்டைப் பார்த்தேன், கையுறை இருக்கிறதா என்று கேட்டேன், எங்கே துணி மாற்றுகிறீர்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. ஒன்பது நாளாக என் உடைக்காக நான் பட்ட கூச்சத்தை இவர்கள் தினம் இரண்டு வேளை படுகிறார்கள். அந்தப் பழக்கத்தில்தான் எல்லம்மாள் என்னைக் காப்பாற்றினார். "இன்னைக்குக் கூட்டத்துல உங்க பேர் சொல்லி நன்றி சொல்லப் போறேன்" என்றேன். எனக்கு அது பெரிய சந்தோஷமாக இருந்தது, வரும் வழியெல்லாம் அந்த வாக்கியத்தைத்தான் செதுக்கிக்கொண்டு வந்தேன். அவர் முகம் மாறிவிட்டது. "வேணாம்மா. கும்புடுறேன், வேணாம். பேரச் சொன்னா என்னையும் வந்து படம் எடுப்பாங்க. கோட்டு கிழிஞ்சிருக்கு, தல கலைஞ்சிருக்குன்னு நாலு பேரு எழுதுவான். எம்பொண்ணு கட்டிக்குடுத்த எடத்துல நான் என்ன வேல பாக்கறேன்னு பாதிப் பேருக்குத் தெரியாது. நான் நின்னது நின்னதா இருக்கட்டும், நீங்க நல்லா இருந்தா போதும்." அப்படியென்றால் நான் வேறு என்ன செய்யட்டும் என்றேன். ஒண்ணும் வேணாம் என்றார். கையுறையை மாட்டிக்கொண்டு வண்டியைத் தள்ளப் போனவர், திரும்பாமலே சொன்னார், "ஒரு ரூம்பு இருந்தா நல்லா இருக்கும். பெருசா வேணாம். உள்ள தாப்பா போடற மாதிரி." அந்த ஷெட்டின் ஓரத்தில் ஒரு அறை பூட்டிக் கிடந்தது. மேஸ்திரியைத் திறக்கச் சொன்னேன். கெட்டுப்போன கொசுமருந்து மெஷின் நான்கு, உடைந்த தெருவிளக்கு, எலி நாற்றம். நல்ல கதவு. ஜன்னல் உயரத்தில் இருந்தது. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, அலமாரியைத் திறந்து, கைக்கு வந்த சேலையை எடுத்துக் கட்டினேன். என்ன நிறம் என்று இப்போது குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். சாம்பல். ஊக்கு மட்டும் பழைய பயத்தில் நான்கு குத்திவிட்டேன்.

தணிகைவேல் முடிக்கிறார். "இதுக்குத் தலைவர் அவர்கள் என்ன விளக்கம் குடுக்கப் போறாங்கன்னு மன்றம் தெரிஞ்சுக்க விரும்புது." உட்கார்ந்துவிட்டார். வியர்வையைத் துடைத்துக்கொள்கிறார், என்னைப் பார்க்காமல் விசிறியைப் பார்க்கிறார். எழுந்து நிற்கிறேன். முட்டி சொடுக்குகிறது. மூன்று போன்களும் ஒரு சாண் உயர்கின்றன. இங்கே எனக்கு முன்னால் யாரும் இல்லை, மேஜை மட்டும், இருந்தாலும் அப்படித் தோன்றவில்லை. பயம் இருக்கிறது, மாவட்டத்தின் முகம் தெரிகிறது, நாளைக்கு இந்த நாற்காலி இருக்குமா தெரியாது. தாளை எடுக்கவில்லை. "அன்னிக்கு ஓடைத் தெருவுல ராஜமாணிக்கம் ஐயாவ முதுகுல தூக்கிக்கிட்டு வந்தது கவுன்சிலர் தணிகைவேல்தான். ஒரு திறந்த சாக்கடைக்குள்ள நான் விழாம என் கையப் பிடிச்சு இழுத்ததும் அவர்தான். மன்றத்தின் சார்பா அவருக்கு நன்றி. என் சார்பாவும்." தணிகைவேல் விசிறியிலிருந்து கண்ணை இறக்கிவிட்டார். "என் உடைக்கு விளக்கம் ஒண்ணும் நான் குடுக்கப் போறதில்ல. ஓடையில கரை பலமில்லாம இருந்ததுக்கு விளக்கம் கேளுங்க, அது என் பொறுப்பு, குடுக்கறேன்." எங்கள் கட்சி வரிசையில் ஒருவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போகிறார். மாவட்டத்துக்குத்தான். போகட்டும். நான் இன்னும் பேசி முடிக்கவில்லை. "அவசரப் பொருளா ஒரு தீர்மானம் கொண்டுவர்றேன். சந்தைப்பேட்டை மஸ்டர்ல பூட்டிக் கெடக்கற அறையக் காலி பண்ணி, சுத்தம் பண்ணி, உள்தாழ்ப்பாள் வெச்சு, விளக்கும் குழாயும் போட்டு, பெண் தூய்மைப் பணியாளர்கள் உடை மாத்தற அறையாக் குடுக்கணும். இந்த வாரத்துக்குள்ள." ஆணையர் என் பக்கம் சாய்ந்து, அஜெண்டாவுல இல்லையேம்மா என்று மெதுவாகச் சொல்கிறார். தலைவர் அனுமதிச்சா எடுத்துக்கலாம்னு விதி இருக்கு சார் என்கிறேன், நான் அனுமதிக்கிறேன். எங்கோ ஒரு சிரிப்பு, இந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருக்கிறது.

"யாரு கேட்டாங்க இத?" தணிகைவேல்தான். உட்கார்ந்தபடியே கேட்கிறார், எதிர்ப்பாக இல்லை, நிஜமாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார் என்று தோன்றுகிறது. "மஸ்டர்லேர்ந்து மனு ஏதாவது வந்திருக்கா?" மனு இல்லை. எல்லம்மாள் என்ற பெயர் வாய்க்குள் முழுதாக உருண்டு வந்து நிற்கிறது. கடன் தீர்க்க இல்லை, அன்பாக, சொல்ல வேண்டும் என்று அவ்வளவு ஆசையாக இருக்கிறது. போன்கள் மூன்றும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. "நான் கேக்கறேன்" என்கிறேன். அவர் என்னைப் பார்க்கிறார். "ஆட்சேபணை இல்ல" என்கிறார். பெண் கவுன்சிலர்கள் பதினோரு பேர். வழக்கமாகக் கை தூக்கும் முன்னால் ஒருமுறை வீட்டுக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் பின்பெஞ்சைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான்காவது வார்டு கை முதலில் மேலே போகிறது, எதிர்க்கட்சி, அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. அடுத்து ஒன்பது, பன்னிரண்டு, இரண்டு. சிலர் திரும்பிப் பார்த்தார்கள், பார்த்துவிட்டும் தூக்கினார்கள். பிறகு ஆண்கள், ஒவ்வொன்றாக. எங்கள் கட்சிக்காரர்கள் வாசலைப் பார்த்து, போனோடு போனவர் இன்னும் வராததைப் பார்த்து, அவர்களும். வெளியே போனவரைத் தவிர எல்லாரும் தூக்கிவிட்டார்கள். எனக்குக் கண் நிறைகிறது, அதையும் எடுப்பார்கள், எடுத்துக்கொள்ளட்டும். நன்றி என்கிறேன், மைக் அணைந்திருக்கிறது, யாருக்கும் கேட்கவில்லை. எழுத்தர் மினிட் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "கோரிக்கை விடுத்தவர் பேர் என்ன போடட்டும்மா" என்று கேட்கிறார். "செண்பகவல்லின்னு போடுங்க." அவர் குனிந்து எழுதுகிறார். மணி பதினொன்று அடிக்கிறது. இந்நேரம் எல்லம்மாள் கடைத்தெருவைப் பாதி கூட்டி முடித்திருப்பார், பூக்கடைப் பக்கம் வாடிய சரங்களைக் கூடையில் அள்ளிப் போட்டுக்கொண்டிருப்பார், வெயில் ஏறியிருக்கும். இங்கே நடந்தது அவருக்குத் தெரியாது. யாரும் அவரைப் படம் எடுத்துக்கொண்டிருக்கவில்லை.